டபுள் ரைஃபிளில் முன்பாரம், பின்பாரம், தாங்காத உதை: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

பெருவேட்டைக்கான இரட்டைக்குழல் ரைஃபிள்களின் கட்டையைச் சரிசெய்து தருவது என் வேலை. மேசைக்கு வருவதில் பாதி, "ரொம்பக் கனம், தூக்க முடியவில்லை" என்ற புகாரோடுதான் வரும். தராசில் வைத்தால் அந்தத் தோட்டாவுக்கு இருக்க வேண்டிய எடைதான் காட்டும். வண்டியில் பாரம் ஏற்றியவர்களுக்கு இது புரியும். மூட்டைகள் அவையேதான், ஏற்றிய இடம் தப்பு.

கீழே இருப்பவை அறிகுறி வாரியான வழிமுறைகள். உங்கள் தொல்லை எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அங்கே நேராகப் போகலாம். ஆனால் அளவெடுக்கும் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். அளவு தெரியாமல் மரத்தில் துளை போட்டவர்களின் துப்பாக்கிகள்தான் எனக்கு அதிக வேலை வைத்திருக்கின்றன.

சில பெயர்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழல்கள் மடிந்து திறக்கும் அச்சு கீல் ஆணி. டிரிக்கருக்குப் பின்னால் கை பிடிக்கும் ஒடுங்கிய மரம் கழுத்து. தோளில் பதிவது அடிக்கட்டை. குழலுக்கு அடியில் மற்றக் கை ஏந்துவது முன்கட்டை. வலக்கைக்காரரை மனதில் வைத்தே எழுதுகிறேன். இடக்கைக்காரர்கள் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

## எதற்கும் முன்னால்: நான்கு அளவுகள்

துப்பாக்கியைத் திறந்து குழல்களின் பின்முனையில் தோட்டா உட்காரும் இரண்டு அறைகளும் காலி என்று கண்ணால் பாருங்கள், விரலை விட்டும் பாருங்கள். இந்த வேலை முடியும்வரை நிஜத் தோட்டா நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கே வரக்கூடாது. வெடிமருந்தும் அதைப் பற்றவைக்கும் பிரைமரும் இல்லாமல், நிஜக் குண்டு மட்டும் வைத்த போலித் தோட்டா இரண்டு தேவை. .470 என்ற தோட்டா ரகத்தில் இரண்டு தோட்டாவே 100 கிராமைத் தாண்டும். அவை கீல் ஆணிக்கு ஏறக்குறைய நேர்மேலே உட்காருவதால் சமநிலைப் புள்ளி பெரிதாக நகராது, மொத்த எடைதான் கூடும்.

முதல் அளவு மொத்த எடை. பெட்டி தூக்கிப் பார்க்கும் கொக்கித் தராசு போதும், 10 கிராம் வித்தியாசம் காட்டினால் சரி.

இரண்டாவது சமநிலைப் புள்ளி. விரல் பருமனுள்ள உருண்டைக் கட்டையில் துணி சுற்றி, அதன்மேல் துப்பாக்கியைக் குறுக்காக வையுங்கள். எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும் இடத்தில் ஒட்டுத்தாள் ஒட்டி, அங்கிருந்து கீல் ஆணியின் நடுவரை மில்லிமீட்டரில் அளந்து, முன்னாலா பின்னாலா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று முறை செய்து பாருங்கள். மூன்றும் 5 மி.மீ.க்குள் வராவிட்டால் ஏதோ ஒன்று தளர்ந்திருக்கிறது.

மூன்றாவது, முன் டிரிக்கரிலிருந்து (இது வலக்குழலுக்கு, பின் டிரிக்கர் இடக்குழலுக்கு) அடிக்கட்டையின் நடுப்பகுதிவரை உள்ள நீளம். நான்காவதுக்குத் துப்பாக்கியைப் பிரித்து, குழல்கள், முன்கட்டை, கட்டையோடு சேர்ந்த விசைப்பகுதி (டிரிக்கரும் சுடும் பொறியும் உள்ள உலோகப் பகுதி) மூன்றையும் தனித்தனியே நிறுத்து எழுதுங்கள்.

சமநிலைப் புள்ளி கீல் ஆணிமேல் இருந்தாலும், அதற்கு முன்னால் 25 மி.மீ.க்குள் இருந்தாலும் நான் கை வைக்க மாட்டேன். 40-ஐத் தாண்டினால் முன்பாரம். கீல் ஆணிக்குப் பின்னால் போனால் பின்பாரம்.

எடைக்கு வழக்கமான வரம்பு இது. (கிரெயின் என்பது குண்டின் எடை அளவு, ஒன்று ஏறக்குறைய 0.065 கிராம்.) 400 கிரெயின் குண்டு போடும் .450/400-க்கு 4.3 முதல் 4.5 கிலோ. 500 கிரெயின் குண்டை நொடிக்கு 2150 அடி வேகத்தில் அனுப்பும் .470-க்கு 4.8 முதல் 5 கிலோ. .450, .465, .475 எல்லாம் இதே வரிசைதான். (20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் இந்தியாவில் .450 குழல்களுக்குத் தடை வந்ததால் பரவிய மாற்று ரகங்கள்தான் .465, .470, .475. பெயர்தான் வேறு, கைக்குத் தெரியும் வித்தியாசம் குறைவு.) 570 கிரெயின் குண்டுள்ள .500-க்கு 5 முதல் 5.5. 750 கிரெயினுள்ள .577-க்கு 6 கிலோவுக்கு மேல். 900 கிரெயினுள்ள .600-க்கு 7 கிலோவை ஒட்டி. உங்கள் துப்பாக்கி இந்த வரம்புக்கு அரைக் கிலோ கீழே இருந்தால், உதை பற்றிய புகாருக்குப் பாதி பதில் அங்கேயே இருக்கிறது.

## அறிகுறி: தோளுக்கு வந்ததும் முன்பக்கம் தாழ்கிறது

குறி வைத்தபின் குழல்வாய் மெல்ல இறங்கும். ஏந்தும் கை பத்து விநாடியில் நடுங்க ஆரம்பிக்கும். இரண்டாவது சூட்டுக்கு நிமிர்த்தத் தாமதமாகும்.

கை இருக்கும் இடம். காசு செலவில்லாத காரணம் இதுதான், பெரும்பாலும் காரணமும் இதுதான். டபுள் ரைஃபிளின் முன்கட்டை சிறியது. கை அதிலேயே நிற்க வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். அது குழலைப் பூட்டி வைக்கும் மரம், பிடி அதற்கு முன்னாலும் போகலாம். ஏந்தும் கையை 50 மி.மீ. முன்னே தள்ளிக் குழலையே பிடித்துப் பாருங்கள். தாழ்வது நின்றால் வேலை முடிந்தது. குழல் சுடும் என்றால் தோலில் தைத்த கைக்காப்பு ஒன்றைக் குழல்மேல் போட்டுக்கொள்ளலாம்.

அடிக்கட்டை அதிக நீளம். கட்டை நீண்டால் துப்பாக்கி முழுவதும் உடம்பை விட்டுத் தள்ளிப் போகும், கையும் நீளும். தராசு சமநிலை சரி என்று சொல்லும், தோள் முன்பாரம் என்று சொல்லும். சோதிக்க, வேட்டையில் போடும் உடையோடு, கண்ணை மூடிக்கொண்டு பத்து முறை தோளுக்கு ஏற்றுங்கள். அக்குளில் ஒரு முறை மாட்டினாலும் நீளம் அதிகம். அடிக்கட்டையின் முனையில் உள்ள ரப்பர் பட்டை 25 மி.மீ. பருமன் என்றால் அதைக் கழற்றி மெல்லிய தட்டு வைத்துப் பார்க்கலாம். மரத்தை அறுப்பது அப்புறம்.

சேர்த்து மாட்டிய பொருள்கள். குழலில் மாட்டிய வார்க்கொக்கி, வார், விளக்கு இவற்றையெல்லாம் கழற்றிவிட்டு மறுபடி அளவெடுங்கள். கீல் ஆணியிலிருந்து அரை மீட்டர் முன்னால் தொங்கும் 100 கிராம், 4.8 கிலோ துப்பாக்கியில் புள்ளியை 10 மி.மீ. நகர்த்திவிடும். சும்மா தொங்கும் வாருக்கு இது பெரிய விலை.

அடிக்கட்டை வெறும் மரம். மேலே சொன்னவை எல்லாம் சரியாக இருந்தும் புள்ளி 40 மி.மீ.க்கு முன்னால் நின்றால், பின்னால் எடை சேர்ப்பதுதான் வழி. அதற்கும் முதலில் கணக்குப் போடுங்கள். 4.8 கிலோ துப்பாக்கி, புள்ளி 40 மி.மீ. முன்னால். கீல் ஆணிக்கு 420 மி.மீ. பின்னால், அதாவது அடிக்கட்டையின் கடைசிப் பகுதியில், 300 கிராம் வைக்கிறோம். 4.8-ஐ 40-ஆல் பெருக்கினால் 192. 0.3-ஐ 420-ஆல் பெருக்கினால் 126. கழித்தால் 66. புதிய எடையான 5.1-ஆல் வகுத்தால் 13. புள்ளி 40-லிருந்து 13-க்கு வந்துவிட்டது. அந்த 300 கிராமுக்கு மேல் தேவையே இல்லை.

கணக்கை நம்பி உடனே துளை போடாதீர்கள். கார் சக்கரம் சமன் செய்ய ஒட்டும் பட்டைக் கட்டிகள் 5, 10 கிராமாகக் கிடைக்கும். அவற்றை அடிக்கட்டையில் துணிநாடா சுற்றி ஒட்டி, ஒரு வாரம் வெற்றுத் துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றிப் பழகுங்கள். ஒட்டிய கட்டியோடு சுட வேண்டாம், உதையில் பறக்கும். சுட்டுப் பார்க்க வேண்டுமென்றால், அடிக்கட்டையில் இறுக்கிக் கட்டும் தோல் உறைக்குள் எடையை வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள்.

பிடித்துப் போனால் அப்புறம் துளை. அதற்கு முன் ரப்பர் பட்டையின் இரண்டு திருகுகளைக் கழற்றி உள்ளே பாருங்கள். பாதித் துப்பாக்கிகளில் பழைய துளை ஒன்று ஏற்கெனவே இருக்கும். 20 மி.மீ. விட்டம், 100 மி.மீ. ஆழத் துளையில் வார்த்த ஈயம் ஏறக்குறைய 350 கிராம் பிடிக்கும். அதே துளையில் ஈயக்குண்டுமணிகளைக் கொட்டினால் இடைவெளி போக 220 கிராம்தான் வரும். எதை வைத்தாலும் மெழுகோ எப்பாக்சியோ ஊற்றி இறுக்கிவிடுங்கள். ஆடும் ஈயம் ஒவ்வொரு சூட்டிலும் சுத்தியல்போல அடித்து மரத்தைப் பிளக்கும். ஈயம் தொட்ட கையைக் கழுவாமல் எதையும் தின்னாதீர்கள்.

குழலே அதிகக் கனம். தனியாக நிறுத்தபோது குழல்கள் மட்டும் மொத்த எடையில் பாதியைக் கணிசமாகத் தாண்டினால், பின்னால் எவ்வளவு ஈயம் போட்டாலும் அது ஒட்டுப்போட்ட வேலைதான். குழல்வாயை 50 மி.மீ. அறுத்துவிடலாமா என்று கேட்பவர்கள் இங்கேதான் கேட்பார்கள். கூடாது. இரண்டு குழலும் ஒரே இடத்தில் சுடும்படி பற்றவைத்த கோணம் அந்த நீளத்துக்கானது. அறுத்தால் மறுபடி முதலிலிருந்து சேர்த்துக் கட்ட வேண்டும். இங்கே நிறுத்திவிட்டு, டபுள் ரைஃபிள் கட்டிப் பழகிய கொல்லரிடம் கேளுங்கள். சாதாரணத் துப்பாக்கி வேலை செய்பவர் போதாது.

## அறிகுறி: குழல்வாய் மிதக்கிறது, குறியைத் தாண்டி ஓடுகிறது

தோளுக்கு மிக வேகமாக வரும், ஆனால் நிற்காது. ஓடும் இலக்கின்மேல் முன்குறி அலைபாயும். கடையில் தூக்கிப் பார்க்கும்போது, "ஆகா, எவ்வளவு இலகு" என்று பிடித்துப்போவது இந்த வகைதான்.

முதலில் அடிக்கட்டைக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். சில அடிக்கட்டைகளில் உதிரித் தோட்டா வைக்கும் மூடியிட்ட பெட்டி இருக்கும். அதில் நான்கு தோட்டா கிடந்தால் 250 கிராம் பக்கம். எடுத்துவிடுங்கள், அவ்வளவுதான். அடுத்தது, முந்தைய சொந்தக்காரர் போட்ட ஈயமோ பாதரசக் குழாயோ. உதையைக் குறைக்க என்று விற்கும் பாதரசக் குழாய்கள் 400 கிராம் அளவில் வரும். மூடி அடைத்த குழாயைத் துளைக்கவோ சூடாக்கவோ வேண்டாம், முழுதாக இழுத்து எடுங்கள். எடுத்தபின் உதை கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எடுக்க எதுவும் இல்லாமல் குழல்கள் குட்டையாக இருப்பதுதான் காரணம் என்றால், முன்னால் எடை சேர்க்கத் தோன்றும். குழலில் எதையும் நிரந்தரமாகப் பற்றவைக்காதீர்கள். முன்கட்டையின் உட்குழிவில் மெல்லிய ஈயத்தகடு 80, 100 கிராம் அளவுக்கு வைக்க இடம் இருக்கும். அது கீல் ஆணிக்கு அருகில் இருப்பதால் புள்ளி கொஞ்சமே நகரும், ஆனாலும் ஏந்தும் கைக்குத் தெரியும். தகடு குழலை அழுத்தக்கூடாது. முன்கட்டை முன்புபோலவே விரல் அழுத்தத்தில் பூட்டிக்கொள்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தகட்டை எடுத்துவிடுங்கள்.

## அறிகுறி: உதை தாங்கவில்லை

இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். உதை என்ற ஒரே சொல்லுக்குள் நான்கு வேறு வலிகள் இருக்கின்றன. எங்கே வலிக்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

### தோள் முழுவதும் சமமாக வலித்தால்

நீங்கள் மேசையில் உட்கார்ந்து சுட்டீர்களா? அப்படியென்றால் துப்பாக்கியில் குறையில்லை. உட்கார்ந்த உடம்பு உதையோடு பின்னால் போக முடியாது, எல்லாம் தோள் எலும்பில் இறங்கும். நின்றபடி, முக்காலிக் கோலில் கையை வைத்து, கைமேல் துப்பாக்கியை வைத்துச் சுடுங்கள். டபுள் ரைஃபிள்களின் குழல்களைச் சேர்த்துக் கட்டும்போது சுட்டுப் பார்ப்பதும் பெரும்பாலும் இப்படி நின்றுதான்.

நின்றும் வலித்தால் எடையைப் பாருங்கள். வரம்புக்குக் கீழே இருந்தால் சேர்க்க வேண்டியதுதான். அதே தோட்டாவுக்கு உதையின் ஆற்றல் எடை கூடும் விகிதத்திலேயே குறையும். 4.3 கிலோ துப்பாக்கியை 4.8 ஆக்கினால் 10 சதவீதம் போகும். கேட்க அற்பமாக இருக்கும், பத்தாவது சூட்டில் தெரியும். ஆனால் அரைக் கிலோவையும் அடிக்கட்டையில் திணித்தால் மேலே சொன்ன பின்பாரம் வந்துவிடும். பாதரசமா ஈயமா என்று கேட்பார்கள். என் கருத்தில் பாதரசக் குழாய் செய்யும் வேலையில் பெரும்பகுதி அதன் எடை செய்வது. மலிவான ஈயத்தை முதலில் போட்டுப் பாருங்கள்.

### மார்புப் பக்கமோ கைமூட்டுப் பக்கமோ குத்தினால்

அடிக்கட்டையின் முகம் தோளில் ஒழுங்காகப் பதியவில்லை. சாக்பீஸ் பொடியை ரப்பர் பட்டையில் தடவி, கறுப்புச் சட்டையில் தோளுக்கு ஏற்றி எடுங்கள். பொடி பட்டையின் முழு வடிவத்தில் ஒட்டியிருக்க வேண்டும். கீழ்மூலை மட்டும் ஒட்டியிருந்தால் அந்த மூலைதான் மார்பில் குத்துகிறது. ரப்பர் பட்டைக்கும் மரத்துக்கும் இடையில், மேல் திருகுப் பக்கம் மெல்லிய ஆப்பு வைத்துச் சாய்வை மாற்றிப் பார்க்கலாம். 2 மி.மீ.யே பெரிய மாற்றம். இதற்கு எடை சேர்த்துப் பயனில்லை.

### கன்னத்தில் அடித்தால்

கட்டையின் மேல்விளிம்பு பின்னால் போகப்போக அதிகம் இறங்கியிருக்கும். உதையில் துப்பாக்கி மேல்நோக்கித் திரும்பி, மரம் கன்னத்தை மோதும். பழைய துப்பாக்கிகளில் இது சாதாரணம். தோலில் கட்டும் கன்னத்திண்டு ஒன்றை வைத்து உயர்த்திப் பாருங்கள். குறி இன்னும் நேராகத் தெரிகிறதா என்பதைக் கூடவே கவனியுங்கள், உயரம் மாறினால் குண்டு விழும் இடமும் மாறும். சரியானால், நிரந்தரமாக வளைப்பதற்குக் கட்டை வேலை தெரிந்தவரிடம் போகலாம். எண்ணெய் ஊற்றிச் சூடு காட்டி மரத்தை வளைக்கும் வேலை அது. வீட்டில் செய்து கழுத்தை விரிசல் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

### நடுவிரல் கன்றிப் போனால்

டிரிக்கர் காப்பு வளையம் நடுவிரலை அடிக்கிறது. கழுத்தைத் தளர்வாகப் பிடித்திருப்பீர்கள், அல்லது கட்டை குட்டை. பிடியை இறுக்கி, கையை 10 மி.மீ. பின்னால் எடுத்துப் பாருங்கள். முன் டிரிக்கரை இழுக்கும்போது பின் டிரிக்கருக்கு இடம் விட்டுப் பிடிக்க வேண்டியிருப்பதால், புதிதாக இரட்டை டிரிக்கருக்கு வருபவர்களுக்கு இது அடிக்கடி நேரும். நீளம் 10, 15 மி.மீ. கூட்டியும் நிற்கவில்லையென்றால் காப்பு வளையத்துக்குப் பின்னால் ரப்பர் திண்டு ஒன்று வைக்கலாம்.

## அறிகுறி: புள்ளி சரி, எடை சரி, ஆனாலும் மந்தமாக இருக்கிறது

தராசும் அளவுகோலும் பொய் சொல்லும் இடம் இது. இரண்டு துப்பாக்கி, இரண்டும் 4.9 கிலோ, இரண்டும் கீல் ஆணியிலேயே நிற்கின்றன. ஒன்று கையோடு ஓடும், மற்றொன்று மூங்கிலில் இரண்டு பக்கமும் குடம் கட்டியதுபோலத் திரும்ப மறுக்கும். இரண்டாவதில் கனம் இரு முனைகளிலும் இருக்கிறது. நடுவில் இருக்க வேண்டியது ஓரத்துக்குப் போய்விட்டது.

இதைச் சோதிக்க ஓர் எளிய வழி. சமநிலைப் புள்ளியில் ஒரு கையால் பிடித்து, குழல்வாயை இடமும் வலமும் ஒரு முழம் அளவுக்கு வேகமாக ஆட்டி நிறுத்துங்கள். நிறுத்தும்போது மணிக்கட்டை இழுத்துக்கொண்டு போனால் இந்த வகை.

காரணம் பெரும்பாலும் யாரோ செய்த திருத்தம்தான். கனமான குழலைச் சமன் செய்ய அடிக்கட்டையின் கடைக்கோடியில் ஈயம் போட்டிருப்பார்கள். புள்ளி நகர்ந்தது, துப்பாக்கி செத்தது. அந்த ஈயத்தை எடுத்துவிட்டு, புள்ளி 20 மி.மீ. முன்னால் இருக்கும்படியே சில நாள் பழகிப் பாருங்கள். பலருக்கும் அதுவே பிடித்துப்போகும். ஈயம் வேண்டவே வேண்டும் என்றால் துளையின் அடி ஆழத்தில், கைப்பக்கம் வையுங்கள். ஆனால் துளையின் முனைக்கும் கழுத்து ஒடுங்கும் இடத்துக்கும் நடுவே 75 மி.மீ. திட மரம் மிஞ்ச வேண்டும். கழுத்துக்குள் எடை வைக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். முழு உதையும் அந்த ஒடுங்கிய மரத்தின் வழியாகத்தான் தோளுக்குப் போகிறது.

குழல்கள் வாய்வரை பருமனாகவே வந்தவை என்றால் கட்டையில் செய்ய எதுவுமில்லை. குழலை வெளியில் இழைத்து மெலிக்கக் கொல்லர்கள் உண்டு. செலவு அதிகம், அப்புறம் குழல் சேர்க்கையையும் மறுபடி பார்க்க வேண்டும். என் துப்பாக்கியாக இருந்தால் விற்றுவிட்டு வேறு வாங்குவேன்.

## அறிகுறி: எடை சேர்த்தபின் இரு குழலும் வேறு வேறு இடத்தில் சுடுகின்றன

ஈயம் போட்டுக் கொடுத்த மறுவாரம் வரும் தொலைபேசி அழைப்பு இது. "நீ கட்டையைத்தானே தொட்டாய், குழல் எப்படிக் கெட்டது?"

குழல் கெடவில்லை. வலக்குழல் சுடும்போது துப்பாக்கி மேலேயும் வலப்பக்கமும் திரும்புகிறது, இடக்குழலில் மேலேயும் இடப்பக்கமும். குண்டு குழலுக்குள் ஓடும் அந்தக் கண நேரத்தில் எவ்வளவு திரும்பும் என்று பார்த்துத்தான் குழல்களை உள்நோக்கிச் சாய்த்துக் கட்டியிருக்கிறார்கள். எடை கூடினால் திருப்பம் குறையும்.

முதலில் சரியாகச் சுட்டுப் பாருங்கள். 50 கஜத்தில், நின்றபடி, வலது ஒன்று இடது ஒன்று, குழல் ஆறவிட்டு அடுத்த இணை. நான்கு இணை போதும். வலக்குழல் ஓட்டைகளுக்கு ஒரு நிறம், இடக்குழலுக்கு ஒரு நிறம் தீட்டி, ஒவ்வொன்றின் நடுவையும் கண்டுபிடியுங்கள். முன்கட்டையைக் கடினமான பலகையில் நேராக வைத்துச் சுட்டிருந்தால் அந்தத் தாளைக் கிழித்துப் போடுங்கள். துள்ளி மேலே சுடும், அதை வைத்து எதையும் சொல்ல முடியாது.

வலக்குழல் இடப்பக்கமும் இடக்குழல் வலப்பக்கமும் விழுந்தால், குண்டுகள் குறுக்கே கடக்கின்றன. எடை சேர்த்ததன் வழக்கமான விளைவு இதுதான். சேர்த்ததில் பாதியை எடுத்துப் பாருங்கள். இல்லையென்றால் தோட்டாவின் வேகம் கூடுதல் என்று பொருள். குழலில் பொறித்திருக்கும் குண்டு எடைக்கும் மருந்துக்கும் பொருந்தும் தோட்டாவைத் தேடுங்கள். தானே தோட்டா நிரப்புபவர்கள், அச்சிட்ட அட்டவணைக்குள் நின்று வேகத்தைச் சற்றுக் குறைக்கலாம்.

வலது வலப்பக்கமும் இடது இடப்பக்கமும் விலகினால் நேரெதிர். தோட்டா மெதுவானது, அல்லது துப்பாக்கி இலகுவாகிவிட்டது. பழைய ஈயத்தை எடுத்தபின் இப்படி ஆனால் அதைத் திரும்ப வைப்பதுதான் மலிவான வழி.

இரண்டும் சேர்ந்தே மேலேயோ கீழேயோ போனால் குழலில் தொல்லையில்லை, பின்குறியின் உயரம்தான் மாற வேண்டும்.

50 கஜத்தில் இரண்டு நடுவுக்கும் இடையே 50 மி.மீ. இருந்தால் நான் பேசாமல் விட்டுவிடுவேன். 100 மி.மீ.யைத் தாண்டி, இரண்டு வகைத் தோட்டா மாற்றியும் நிற்கவில்லையென்றால், குழல்வாயில் இரண்டு குழலுக்கும் நடுவே உள்ள ஆப்பைச் சூடாக்கி நகர்த்தும் வேலை. அதைச் செய்யத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு, அவர்கள் பெயரை நீங்களே விசாரித்துத் தெரிந்துகொண்டு அனுப்புங்கள். அக்கம்பக்கத்துக் கடையில் கொடுத்தால் குழல்களுக்கு இடையே உள்ள பற்று முழுவதும் விட்டுப்போகலாம்.

## அறிகுறி: தொலைநோக்கி மாட்டியபின் எல்லாம் மாறிவிட்டது

தொலைநோக்கியும் பிடிகளும் சேர்ந்து அரைக் கிலோ பக்கம் வரும். அது கீல் ஆணிக்கு அருகில் உட்காருவதால் புள்ளி பெரிதாக நகராது. ஆனால் கனம் மேலே ஏறிவிடும், துப்பாக்கி கையில் பக்கவாட்டில் உருளப் பார்க்கும். பார்வைக்கோடும் உயர்வதால் கன்னம் மரத்தை விட்டு எழும்பும், உதை கூடியதுபோல் தெரியும்.

கழற்றி மாட்டும் பிடியாக இருந்தால் கழற்றிவிட்டு ஒரு முறை தோளுக்கு ஏற்றுங்கள். பழைய உணர்வு திரும்பினால் துப்பாக்கியில் குறையில்லை. குறைந்த பெருக்கமுள்ள, நேர்க்குழாய் வடிவத்தில் இருக்கும் இலகுவான தொலைநோக்கிக்கு மாறுங்கள். கழற்றி மாட்டியபின் குண்டு அதே இடத்தில் விழுகிறதா என்று சுட்டுப் பார்த்துவிட்டே காட்டுக்குப் போங்கள்.

## அறிகுறி: தூக்கிப் பார்த்தால் உள்ளே ஏதோ ஆடுகிறது

பாரம் சரியில்லை என்று வரும் சில துப்பாக்கிகளில் உண்மையான குறை ஆட்டம்தான். மூன்று இடங்களைப் பாருங்கள்.

அடிக்கட்டையைக் காதருகே குலுக்கினால் சலசலப்பு கேட்டால் தளர்ந்த ஈயமோ பாதரசமோ. ஈயத்தை இறுக்குங்கள், பாதரசத்தின் சத்தம் இயல்பு.

கழுத்தில் உலோகம் முடிந்து மரம் தொடங்கும் இடத்தை விளக்கொளியில், பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். மயிரிழை விரிசலோ எண்ணெய் கசிந்த கறுப்புக் கோடோ தெரிந்தால் இனி ஒரு தோட்டாகூடச் சுடக்கூடாது. அடிக்கட்டையில் ஈயம் சேர்த்தவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள். பின்னால் இருக்கும் எடையை உதையோடு நகர்த்த வேண்டிய பளுவும் கழுத்துக்குத்தான்.

கடைசியாக, முன்கட்டையைக் கழற்றி, பூட்டிய குழல்களைப் பிடித்து மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஆட்டுங்கள். கீலில் அசைவு தெரிந்தாலோ, குழலின் பின்முகத்துக்கும் அதை மூடி நிற்கும் உலோகத் தட்டுக்கும் இடையில் ஒளிக்கோடு தெரிந்தாலோ பூட்டு தேய்ந்துவிட்டது. கொல்லர் வேலை. உங்கள் சமநிலை வேலையை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

## அறிகுறி: ஒரு டிரிக்கரை இழுத்தால் இரண்டு குழலும் வெடிக்கின்றன

இரண்டு சூட்டின் உதையும் ஒன்றாக வரும். இலகுவான துப்பாக்கியில், ஏந்தும் கை தளர்ந்திருந்தால் அடிக்கடி நடக்கிறது என்பதால்தான் இதையும் இங்கே சேர்த்தேன். சுடுவதை உடனே நிறுத்துங்கள்.

விரலா, உள்விசையா என்று பிரிக்க ஒரே சோதனை. சுடுதளத்தில், வலக்குழலில் மட்டும் தோட்டா, இடக்குழலில் போலித் தோட்டா. முன் டிரிக்கரை இழுத்துச் சுட்டபின், துப்பாக்கியைத் திறக்காமல், குழலை இலக்குத் திசையிலேயே வைத்துப் பின் டிரிக்கரை இழுங்கள். டிக் என்று விழுந்தால் இடது விசை காத்திருந்தது, நல்லது. ஏற்கெனவே விழுந்துவிட்டிருந்தால், அடுத்த முறை மாற்றிச் செய்யுங்கள்: இடக்குழலில் தோட்டா, வலக்குழலில் போலி, பின் டிரிக்கர் முதலில். இப்போதும் இரண்டும் விழுந்தால் உள்விசை அதிர்ச்சியில் நழுவுகிறது. நேராகக் கொல்லரிடம். முன் டிரிக்கரை முதலில் இழுக்கும்போது மட்டும் நடந்தால் உங்கள் விரல் உதையில் பின் டிரிக்கரில் மோதியிருக்க வாய்ப்பு அதிகம். இரண்டு கைப்பிடியையும் இறுக்குங்கள், பின் டிரிக்கரை முதலில் இழுக்கப் பழகுங்கள். எது காரணமானாலும் விசைப்பகுதியை ஒரு முறை திறந்து பார்க்கச் சொல்வது நல்லது. அதை நீங்களே அரம் போட்டுச் சரிசெய்ய முயல வேண்டாம்.

## கொல்லரிடம் எடுத்துப் போக வேண்டியவை

நான்கு அளவுகள் எழுதிய தாள். நிறம் தீட்டிய இலக்குத்தாள், எத்தனை கஜம், எந்தத் தோட்டா என்ற குறிப்போடு. நீங்கள் உண்மையில் சுடும் தோட்டாப் பெட்டி. அடிக்கட்டையிலிருந்து எடுத்த ஈயம், எவ்வளவு ஆழத்தில் இருந்தது என்ற குறிப்போடு. வேட்டைக்குப் போடும் அந்தச் சட்டையையும் போட்டுக்கொண்டே போங்கள். நீளம் பார்க்கும்போது எப்படியும் அதைக் கேட்பார்.